சிறு அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கிடைத்துவிட்டதா? அதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை

கம்போங் மேடான்: பிடரியில் ஒரு கட்டி. கோலிக்குண்டு அளவுதான். ஐந்தாறு வருடமாக இருக்கிறது, வலியில்லை. சட்டைக் காலர் உரசும்போது மட்டும் ஞாபகம் வரும். ஒரு நாள் அது சிவந்து வீங்கிவிடுகிறது. சுகாதார கிளினிக்கில் மருத்துவர் மாத்திரை கொடுத்து, வீக்கம் வடிந்ததும் எடுத்துவிடலாம் என்று கடிதம் எழுதி மருத்துவமனைக்கு அனுப்புகிறார். அங்கே தேதி குறித்து ஓர் அட்டை கொடுக்கிறார்கள். கம்போங் மேடான், தாமான் டத்தோ ஹருண், தேசா மெந்தாரி பக்கம் எத்தனையோ வீடுகளில் இப்படிப்பட்ட அட்டை ஐஸ் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அறுவை நடக்கப் போவது பெரும்பாலும் அரை மணி நேரம். ஆனால் அட்டை கைக்கு வந்த நாளுக்கும் அந்தத் தேதிக்கும் இடையில் சில வாரங்களாவது இருக்கும். காயம் ஒழுங்காக ஆறுமா, ரத்தம் நிற்குமா, சீழ் பிடிக்குமா என்பதில் பெரும்பகுதி அந்த வாரங்களில் வீட்டில் நடப்பதைப் பொறுத்திருக்கிறது. "சின்னக் கட்டிதானே" என்று அந்த நாட்களைச் சும்மா விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

தோலில் செய்யப்படும் சிறு அறுவை என்றால், அந்த இடத்தை மட்டும் ஊசி போட்டு மரக்கச் செய்து, விழித்திருக்கும்போதே செய்து முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவது. கட்டி, மச்சம், மரு, தோலில் தொங்கும் சதை, சதைக்குள் வளைந்து வளரும் கால்விரல் நகம், சீழ்க்கட்டி எல்லாம் இதில் அடங்கும். சிலவற்றைச் சுகாதார கிளினிக்கிலேயே செய்வார்கள். மற்றவற்றுக்கு மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையம், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற பெரிய இடங்களுக்கு அனுப்புவார்கள். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. பல்கலைக்கழக மருத்துவமனைகளில் கட்டண முறை வேறு. நீல அடையாள அட்டை இல்லாதவர்களுக்கும் கட்டணம் வேறு என்பதால், தேதி வாங்கும் நாளிலேயே முகப்பில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அறுவை நாளன்று பணம் போதாமல் திரும்பி வருவது வீண் அலைச்சல்.

நம்மவர்கள் தோலுக்கடியில் உருளுகிற எல்லாவற்றையும் "கொழுப்புக் கட்டி" என்றே சொல்வார்கள். உண்மையில் இரண்டு வகை உண்டு. தொட்டால் மாவு மாதிரி மெத்தென்று நழுவுவது கொழுப்புக் கட்டி. நடுவில் கரும்புள்ளி போன்ற துளையோடு, தோலோடு ஒட்டி இறுக்கமாக இருப்பது பையுள்ள கட்டி. அந்தப் பைக்குள் இருப்பது கொழுப்பு இல்லை. தோல் உதிர்க்கும் கெரட்டின் என்ற பொருள்தான் உள்ளே சேர்ந்து, தயிர்க்கட்டி போல நாற்றத்தோடு இருக்கும். பிடரி, முதுகு, காதுக்குப் பின்புறம் அதிகம் வருவது இதுதான்.

இரண்டாவது வகையைத்தான் அமுக்கிப் பிதுக்கத் தோன்றும். தோட்டத்தில் வளர்ந்த மூத்தவர்களுக்குக் கட்டி என்றதும் நினைவுக்கு வருவது தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரெசரும்தான். பழுத்த கட்டியைக் கீறி, பிதுக்கி, கட்டுப் போட்டு அனுப்புவார். மறுநாள் வேலைக்குப் போய்விடலாம். சீழ்க்கட்டிக்கு அது சரியான வைத்தியமே. பையுள்ள கட்டிக்கு அது பொருந்தாது. உள்ளிருப்பது வெளியே வந்தாலும் பை உள்ளேயே இருக்கும், சில மாதங்களில் மறுபடி நிரம்பும். வீட்டில் ஊசியைச் சுட்டுக் குத்தினால் இன்னும் மோசம். பை உள்ளுக்குள் கிழிந்து, சுற்றியுள்ள சதையில் அழற்சி வந்துவிடும். அப்படிச் சிவந்து வீங்கிய நிலையில் பையை முழுதாக உரித்தெடுக்க முடியாது என்பதால், மருத்துவர் சீழை மட்டும் வடித்துவிட்டு, அறுவையைச் சில வாரங்கள் தள்ளி வைப்பார். வாங்கிய தேதி போய்விடும், வரிசையில் மறுபடி நிற்க வேண்டும். தேதி கிடைத்த பிறகு கட்டியில் கை வைக்காமல் இருப்பதே முதல் தயாரிப்பு.

ஒருவேளை நாள் நெருங்கும்போது கட்டி சிவந்து, சூடாகி, வலித்தால் அந்தத் தேதிவரை காத்திருக்க வேண்டியதில்லை. உடனே கிளினிக்கில் காட்ட வேண்டும். கட்டி 5 சென்டிமீட்டரைவிடப் பெரியதாக இருந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ, ஆழத்தில் சதையோடு பிடித்தாற்போல் அசையாமல் இருந்தாலோ அது சிறு அறுவைக் கணக்கில் சேராது. முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

மருந்துப் பையை அப்படியே கொண்டு போங்கள்

"என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்கும்போது "பிரஷர் மாத்திரை, வெள்ளை மாத்திரை ஒன்று" என்று சொல்வதால் பயனில்லை. வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போய் மேசையில் வைப்பதே சிறந்த வழி. தனியார் கிளினிக்கில் வாங்கியது, பசார் மாலாமில் வாங்கிய எண்ணெய், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த மூட்டுவலிப் பொடி எல்லாம் அந்தப் பையில் இருக்க வேண்டும்.

அதில் மருத்துவர் முதலில் தேடுவது ரத்தத்தை இளக்கும் மருந்தை. மாரடைப்பு வந்தவர்கள், இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் சாப்பிடுவார்கள். இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்கள், செயற்கை வால்வு வைத்தவர்கள் வார்ஃபரின் சாப்பிடுவார்கள். வேறு புதிய மருந்துகளும் இப்போது உண்டு.

இங்கேதான் உயிருக்கே ஆபத்தான தவறு நடக்கிறது. "கத்தி வைக்கப் போகிறார்கள், ரத்தம் நிற்காது" என்று யாரோ சொல்ல, அறுவைக்கு ஒரு வாரம் முன்பே மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். தோலில் ரத்தம் கசிந்தால் அழுத்திப் பிடிக்கலாம், தையல் போடலாம், சூடு வைத்து அடைக்கலாம். கண்ணுக்குத் தெரிகிற இடம் அது. மாத்திரையை நிறுத்தியதால் ஸ்டென்டுக்குள்ளோ மூளையிலோ ரத்தம் உறைந்தால் அதை அழுத்திப் பிடிக்க முடியாது. அதனால்தான் தோலில் செய்யும் சிறு அறுவைகளில் பெரும்பாலானவற்றை இந்த மருந்துகளை நிறுத்தாமலே செய்கிறார்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ஐஎன்ஆர் என்ற ரத்தச் சோதனையை அறுவைக்குச் சில நாள் முன்பு எடுத்து, அளவு கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். வார்ஃபரின் புத்தகத்தை மறக்காமல் கொண்டு போக வேண்டும். சில புதிய மருந்துகளில் ஒரு வேளையைத் தவிர்க்கச் சொல்லலாம். எதை, எப்போது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். அண்ணனோ அண்டை வீட்டாரோ சொல்லக் கூடாது.

தலைவலிக்கும் இடுப்பு வலிக்கும் தானாகக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகளில் சிலவும் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய், ஜின்செங், ஜின்கோ ஆகியவற்றுக்கும் அந்தக் குணம் உண்டு என்பதால் மருத்துவர்கள் கேட்கிறார்கள். குழம்பில் போடும் பூண்டை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

மூட்டுவலிக்கு, உடல் வலிக்கு என்று விற்கப்படும் பெயர் தெரியாத பொடி, மாத்திரை, ஜாமு பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இவற்றில் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துபோவதன் ரகசியம் பல நேரம் அதுதான். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும், கிருமித் தொற்றுக்கு இடம் கொடுக்கும். நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. எனவே அதை ஒளிக்கவும் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது. பொட்டலத்தோடு காட்ட வேண்டும். பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். அவை இல்லாத பொருளை மருத்துவரிடம் காட்டக் கூச்சப்பட வேண்டாம். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

மருந்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய சில விஷயங்கள் உண்டு. முன்பு பல் பிடுங்க ஊசி போட்டபோது மயக்கம், தடிப்பு, மூச்சிரைப்பு வந்ததா? எந்த மருந்தாவது, பிளாஸ்டராவது, கையுறையாவது ஒத்துக்கொள்ளாதா? இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா? ரத்தக் குழாயைச் சூடு வைத்து அடைக்கும் மின் கருவி அதைக் குழப்பலாம் என்பதால் முன்கூட்டியே தெரிந்தால் வேறு ஏற்பாடு செய்வார்கள். கர்ப்பமா என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பழைய தழும்புகளையும் காட்ட வேண்டும். காது குத்திய இடத்தில், அம்மை வடு இருந்த இடத்தில், பழைய வெட்டுக் காயத்தில் சதை தடித்து, காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்தால் அது கெலாய்ட். கருமையான தோல் உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும், குடும்பத்திலும் ஓடும். நெஞ்சு, தோள், காது மடல் ஆகியவை இதற்குப் பேர்போன இடங்கள். கெலாய்ட் வரும் உடம்புக்காரர் அழகுக்காக மட்டும் நெஞ்சில் உள்ள ஒரு சிறு மச்சத்தை எடுக்க நினைத்தால், எடுத்த இடத்தில் அதைவிடப் பெரிய தழும்பு வரக்கூடும். இதை அறுவைக்குப் பிறகு கேட்டு வருத்தப்படுவதைவிட முன்பே பேசிவிடலாம். எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்வதும் ஒரு முடிவுதான்.

இனிப்பு நீர்

நாட்டில் 2019-ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வில், வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அதுவரை தங்களுக்கு இனிப்பு நீர் இருப்பதே தெரியாது. இனவாரியாகப் பார்த்தபோது இந்தியர்களிடம்தான் விகிதம் மிக அதிகம்.

சிறு அறுவைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சர்க்கரை கூடியிருக்கும்போது கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன, நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருங்கிக் காயத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. கையில் ஒரு வாரத்தில் ஆற வேண்டிய தையல் மூன்று வாரம் இழுக்கலாம். பாதத்தில் என்றால் நிலைமை இன்னும் கடுமை. கால்விரல் நகம் எடுத்த சாதாரணக் காயம், உணர்ச்சி மரத்த பாதத்தில் கவனிக்கப்படாமல் புண்ணாகி விரலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டு போய்விடும். இனிப்பு நீர் உள்ளவர்கள் கால் நகம், கால் ஆணி, பாத மரு எதையும் பிளேடால் வீட்டில் வெட்டவே கூடாது.

எனவே தேதி கிடைத்ததும் கடைசியாக எடுத்த எச்பிஏ1சி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எண். அதிகமாக இருந்தால், அவசரமில்லாத அறுவையை மருத்துவர் சில வாரம் தள்ளி வைத்துச் சர்க்கரையைக் குறைக்கச் சொல்வார். இதுவரை சோதித்தே பார்க்காதவர், முக்கியமாக 30 வயதைத் தாண்டியவர், இந்தச் சாக்கில் கிளினிக்கில் விரல் குத்திப் பார்த்துவிடலாம்.

இதற்கு எதிர்த்திசையில் நடக்கும் தவறு, அன்று காலை வெறும் வயிற்றோடு போவது. "ஆபரேஷன் என்றால் சாப்பிடக் கூடாது" என்பது முழு மயக்கம் கொடுக்கும் அறுவைக்கு உள்ள விதி. இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் அறுவைக்கு, மருத்துவமனை வேறு மாதிரிச் சொல்லாதவரை, வழக்கம்போல் பசியாறிவிட்டே போகலாம். இனிப்பு நீர் மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல், பத்து மணிவரை நாற்காலியில் காத்திருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி, புரட்டாசி என்று ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துத் தேதி கேட்கலாம்.

தேதி என்றதும் இன்னொன்று. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுப்பவர், பால்குடம் தூக்குபவர், முடி காணிக்கை செலுத்துபவர் என்றால் அதை முன்பே சொல்லித் தேதி வாங்க வேண்டும். முதுகில் தையல் இருக்கும்போது அலகு குத்த முடியாது. உச்சந்தலையில் உள்ள கட்டியின் மேல் சவரக்கத்தி பட்டால் கீறிவிடும். கட்டி இருக்கிறது என்று முடி எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

முதல் நாள் இரவு

புகைப்பவர்கள் முடிந்தால் நான்கு வாரம் முன்பே நிறுத்துவது காயத்துக்கு நல்லது. அது முடியாவிட்டாலும் குறைப்பதில் பலன் உண்டு. மதுவை அறுவைக்கு முந்தின நாளும் பிந்தின நாளும் தொடாமல் இருக்க வேண்டும்.

முந்தின இரவோ அன்று காலையோ சோப்புப் போட்டுக் குளித்தால் போதும். தலையில் கட்டி என்றால் தலைக்கும் குளித்துவிட்டு, தேங்காய் எண்ணெய் வைக்காமல் போக வேண்டும். அந்த இடத்தில் மஞ்சள், திருநீறு, தைலம், பவுடர், கிரீம் எதுவும் வேண்டாம். உதவி செய்வதாக நினைத்து முடியைச் சவரம் செய்துவிட்டுப் போவது தவறு. சவரக்கத்தி தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கி, கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. 2016-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும் அறுவைக்கு முன் சவரம் கூடாது, அவசியமானால் கிளிப்பரால் மட்டும் வெட்ட வேண்டும் என்றே சொல்கிறது. அதைத் தாதியர் பார்த்துக்கொள்வார்கள்.

கழுத்திலோ பிடரியிலோ அறுவை என்றால் சங்கிலியைக் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாத பெண்கள் அதை முதலிலேயே தாதியிடம் சொன்னால், ஒதுக்கி ஒட்டிவைக்க முடியுமா என்று பார்ப்பார்கள். மேசையில் படுத்த பிறகு இதைப் பேசினால் இரு பக்கமும் சங்கடம். கை விரலில் அறுவை என்றால் மோதிரத்தை வீட்டிலேயே கழற்றிவிட வேண்டும், பிறகு விரல் வீங்கும். நகச்சாயமும் வேண்டாம்.

கட்டி சிறியதாக இருந்து, சில நாள் தெரிந்து சில நாள் அமுங்கிவிடும் என்றால், தெரியும் நாளில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது உதவும். எந்தப் பக்கம், எத்தனை என்பதை மருத்துவர் பேனாவால் குறிக்கும்போது கவனித்து, தவறாக இருந்தால் சொல்ல வேண்டும். இரண்டு மச்சங்களில் எதை எடுப்பது என்ற குழப்பம் யாருக்கும் வரலாம்.

அறைக்குள்

மைகார்டு, தேதி அட்டை, மருந்துப் பை. முதுகில் அறுவை என்றால் முன்பக்கம் பட்டன் உள்ள தளர்ந்த சட்டை, கால் என்றால் அகலமான சிலிப்பர். மோட்டாரில் தனியாகப் போகாமல் யாரையாவது கூட்டிப் போவது நல்லது. கையில் கட்டோடு கிளட்சைப் பிடித்துக்கொண்டு பழைய கிள்ளான் சாலை நெரிசலில் வருவது காயத்துக்கும் ஆகாது, உயிருக்கும் ஆகாது.

முதலில் ஒப்புதல் பாரம். பெரும்பாலும் மலாயில் இருக்கும். படிக்கச் சிரமமாக இருந்தால் கையெழுத்துப் போடும் முன் விளக்கச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை. என்ன எடுக்கப் போகிறீர்கள், எவ்வளவு நீளத் தழும்பு இருக்கும், திரும்ப வருமா, எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்ற நான்கையும் கேட்டுவிட வேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை என்றால் தாயோ தந்தையோ சட்டப்படியான பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். பாட்டியோ அத்தையோ கூட்டிப் போனால் அன்று வேலை நடக்காமல் போகலாம்.

பயம் எல்லாம் ஊசியைப் பற்றியதுதான். மரக்கச் செய்யும் மருந்து லிக்னோகெய்ன். சுவீடனில் 1943-இல் நில்ஸ் லோஃப்கிரென் என்பவர் உருவாக்கியது. பல் மருத்துவர் போடுவதும் பெரும்பாலும் இதுதான். உள்ளே போகும்போது சில விநாடி கட்டெறும்பு கடித்தாற்போல் எரியும். பிறகு சில நிமிடத்தில் வலி போய்விடும், ஆனால் தொடுகையும் இழுப்பும் தெரியும். இது தெரியாமல் "மருந்து வேலை செய்யவில்லை" என்று பதறுகிறவர்கள் உண்டு. இழுப்பது தெரிந்தால் பரவாயில்லை. கூர்மையாக வலித்தால் உடனே சொல்ல வேண்டும், இன்னும் மருந்து போடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதற்கு யாரும் பரிசு தரப் போவதில்லை. ரத்தக் கசிவைக் குறைக்கச் சில நேரம் மருந்தோடு அட்ரினலினும் சேர்ப்பார்கள். அதனால் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கலாம். தலை சுற்றுவது போலிருந்தால் எழுந்திருக்காமல் சொல்ல வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு சாப்பாட்டுப் பிரச்சினை தொடங்கும். தையல் போட்டவருக்கு முட்டை, கோழி, இறால் கூடாது, காயம் சீழ் வைக்கும் என்று பெரியவர்கள் பத்தியம் போடுவார்கள். மலாய்க்காரர்களின் பாந்தாங்கும் ஏறக்குறைய இதையே சொல்லும். காயம் மூடப் புரதம் தேவை. முட்டையும் மீனும் கோழியும் பருப்பும்தான் அதைத் தருகின்றன. குறிப்பிட்ட உணவு ஒருவருக்கு உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாது என்றால் அவர் மட்டும் தவிர்க்கலாம். ரசமும் சோறும் மட்டும் பத்து நாள் என்பது வயதானவர்களை இன்னும் பலவீனப்படுத்தும். இதை அறுவைக்கு முன்பே பாட்டியிடம் பேசி முடித்துக்கொள்வது வீட்டின் அமைதிக்கும் நல்லது.

முகத்தில் தையல் 5 முதல் 7 நாளிலும், தலையில் 7 முதல் 10 நாளிலும், முதுகு, கால்களில் 10 முதல் 14 நாளிலும் பிரிக்கப்படும். ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நிற்காவிட்டாலும், சிவப்பு பரவினாலும், சீழ் வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும் தையல் பிரிக்கும் நாள்வரை காத்திராமல் போய்க் காட்ட வேண்டும்.

வேலை விஷயத்தையும் முன்பே கணக்குப் போட வேண்டும். முதுகில் தையலோடு இரண்டு வாரத்துக்குப் பாரம் தூக்க முடியாது, பாதத்தில் தையலோடு தொழிற்சாலையில் நின்று வேலை செய்ய முடியாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாள் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் அதற்கு 60 நாள் தனி. வார்டில் தங்காத சிறு அறுவை பொதுவாக முதல் கணக்கில்தான் வரும். எம்.சி. கையில் இருந்தால் மட்டும் போதாது, விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். நாள் கூலிக்கும், மோட்டாரில் உணவு கொண்டு சேர்க்கும் வேலைக்கும் போகிறவர்களுக்கு எம்.சி. தாள் சம்பளமாக மாறுவதில்லை. கையில் இரண்டு வாரச் செலவுக்குப் பணம் சேர்த்த பிறகு தேதி கேட்பதில் தவறில்லை. ஆனால் மருத்துவர் "இதைத் தள்ளிப் போடாதீர்கள்" என்று சொன்ன கட்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது.

வெட்டி எடுத்தது எங்கே போகிறது?

பலரும் கேட்க மறப்பது இதைத்தான். சந்தேகத்துக்குரிய மச்சத்தையும் கட்டியையும் ஒரு சிறு பாட்டிலில் மருந்து நீரில் போட்டுச் சோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். அது சாதாரணமானதா, புற்றுநோயா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அறிக்கை வரச் சில வாரம் ஆகும்.

கருமையான தோலுக்குத் தோல் புற்றுநோய் வராது என்ற நம்பிக்கை நம்மிடையே உண்டு. வெயிலால் வரும் வகைகள் குறைவு என்பது உண்மை. ஆனால் மெலனோமா என்ற கொடிய வகை, கருந்தோல்காரர்களுக்கு வரும்போது, வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் அதிகம் வருகிறது. உலகப் புகழ் பெற்ற ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால்விரல் நகத்தடியில் கண்டறியப்பட்டது அதுவே. பந்து விளையாடியபோது பட்ட அடி என்று முதலில் எண்ணப்பட்டது. விரலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. 1981 மே 11-ஆம் தேதி, 36 வயதில், உடலெங்கும் பரவிய நோயால் இறந்தார். நகத்தில் நீளவாக்கில் அகன்றுகொண்டே வரும் கறுப்புக் கோடு, உள்ளங்காலில் வளரும் ஒழுங்கற்ற கரும்புள்ளி, நிறமோ வடிவமோ மாறும் மச்சம், மாதக் கணக்கில் ஆறாத புண் ஆகியவற்றைக் கிளினிக்கில் காட்டத் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது.

சலூன்களிலும் அழகு நிலையங்களிலும் மச்சத்தைப் பொசுக்கி எடுப்பதில் உள்ள பெரிய ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. அமிலக் கிரீமோ சூட்டுக் கருவியோ மேலே உள்ள கறுப்பை எரித்துவிடும். சோதனைக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. அடியில் இருந்தது புற்றுநோய் என்றால் அது தெரியாமலே ஆழத்தில் வளரும். சில ஆண்டு கழித்து மருத்துவர் "இங்கே முன்பு என்ன இருந்தது?" என்று கேட்டால் பதில் சொல்ல யாரிடமும் எதுவும் இருக்காது.

ஆகவே அறுவை முடிந்து கிளம்பும்போது இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினீர்களா, அறிக்கைக்கு எப்போது வர வேண்டும்? தையல் பிரிந்து காயம் ஆறிவிட்டது என்று அந்தத் தேதியை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீடு மாறியிருந்தாலோ கைப்பேசி எண் மாறியிருந்தாலோ முகப்பில் சொல்லிப் புதிய எண்ணைப் பதிந்துவிட வேண்டும். மருத்துவமனை அழைக்கும் எண் பழையதாக இருந்தால் அந்த அறிக்கை கோப்பிலேயே கிடக்கும். தையல் பிரிக்கும் நாளை எழுதிய அதே அட்டையில், அறிக்கைத் தேதியையும் எழுதச் சொல்லி வாங்கி, மறுபடியும் ஐஸ் பெட்டிக் கதவிலேயே ஒட்டி வைக்கலாம்.